எங்கள் தெருவும் உத்தரமேரூரும்

தேர்தல்களில் பல தினுசு உண்டு. பாராளுமன்றத் தேர்தல் வந்தால் தேசமே அமர்க்களப்படுகிறது. சட்டசபைத் தேர்தல் வந்தால் ஊர்ச் சுவர்கள் எல்லாம் நிறம் மாறுகின்றன. நகரசபைத் தேர்தல் வந்தால் தெருமுனை டீக்கடையில் வியாபாரம் இரட்டிக்கிறது. இவை எல்லாவற்றையும் விடச் சின்னதாக ஒரு தேர்தல் இருக்கிறது. அதற்குச் சுவரொட்டி கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது, மறுநாள் பத்திரிகையில் ஒரு வரி கூட வராது. குடியிருப்போர் நலச் சங்கத்தின் நிர்வாகக் கமிட்டித் தேர்தலைத்தான் சொல்கிறேன்.

சின்னத் தேர்தல் என்று சொன்னேனே தவிர, சுலபமான தேர்தல் என்று சொல்லவில்லை. பாராளுமன்றத் தேர்தலில் தோற்றவர் தமக்கு ஓட்டுப் போடாத லட்சக்கணக்கான ஜனங்களைத் தினந்தோறும் பார்க்க வேண்டியதில்லை. தெருச் சங்கத் தேர்தலில் தோற்றவரோ, மறுநாள் விடியற்காலையில் பால் வாங்கப் போகும்போதே, தமக்கு ஓட்டுப் போடாதவர்களில் நாலு பேரையாவது பார்த்துச் சிரித்தாக வேண்டும். அவர்களும் சிரிப்பார்கள். அந்த நாலு சிரிப்பில் எது நிஜச் சிரிப்பு என்று யோசித்துக்கொண்டே வீடு திரும்பினால், வாங்கிய பால் வழியிலேயே திரிந்து போனாலும் போய்விடும்!

அத்தகைய தேர்தல் ஒன்றில் நானும் நின்றேன். எதற்காக என்று கேட்பீர்கள். மந்தைவெளிப் பக்கம் நான் குடியிருக்கும் தெருவில் சுமார் எண்பது குடும்பங்கள் இருக்கின்றன. முன்பெல்லாம் முப்பது குடும்பம் இருந்தால் அதிகம். தனி வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாக எழும்பியபோது குடும்பங்களும் பெருகின. சங்கத்தின் சந்தாவும் பெருகியது. தெருவின் இரண்டு முனையிலும் காமிரா வைக்க வேண்டும் என்று வீட்டுக்கு இவ்வளவு என்று தனியாகவும் ஒரு வசூல் நடந்தது. காமிரா வந்தது. காமிராவுக்கு எவ்வளவு செலவாயிற்று, வசூலில் மீதி எவ்வளவு என்பது மட்டும் வரவில்லை.

பொதுக்கூட்டத்தில் எழுந்து கேட்டேன். "கணக்கெல்லாம் சரியா இருக்கு சார், ஆடிட்டர் கிட்ட இருக்கு" என்றார்கள். ஆறு மாதம் கழித்து மறுபடியும் கேட்டேன். "என்ன சார், எங்களைத் திருடன்னு சொல்றீங்களா?" என்றார்கள்.

நான் அப்படிச் சொல்லவும் இல்லை, நினைக்கவும் இல்லை. பார்க்கப்போனால், அப்போது பொருளாளராக இருந்தவர் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் முன்னின்று பந்தி விசாரித்தவர். ஆனால் கணக்குக் கேட்பதும் திருடன் என்று சொல்வதும் ஒன்றுதான் என்று ஆகிவிட்டால், அப்புறம் மரியாதை தெரிந்தவர்கள் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். மரியாதை தெரியாதவர்கள்தான் கேட்பார்கள். அவர்களுக்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கணக்கு ஆடிட்டரிடமே இருந்துவிடும்.

"வெளியில உக்காந்து கேக்கறது சுலபம் சார். கமிட்டிக்கு வந்து பாருங்களேன்" என்றார் ஒருவர். வந்து பார்ப்பது என்று தீர்மானித்தேன். எதிர் வீட்டு மாமி மட்டும், "உங்களுக்கு எதுக்கு இந்த வம்பெல்லாம்? பேசாம கதை எழுதிண்டு இருக்கப்படாதா?" என்று அனுதாபத்துடன் கேட்டார். கதையில் வரும் பாத்திரங்கள் என்னிடம் கணக்குக் கேட்பதில்லை. நானும் அவர்களிடம் கேட்பதில்லை. அந்த சௌகரியம் தெருவில் ஏது?

ஓட்டுக் கேட்கப் போன வீடுகளில் ஒன்றில், ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர் இருந்தார். காப்பி கொடுத்துவிட்டு, "தேர்தல்னா நமக்கு ஒண்ணும் புதுசில்லை சார். ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே உத்தரமேரூர்ல குடவோலை போட்டிருக்கான்" என்றார். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர் யாருக்கும் இது தெரியாத விஷயமல்ல. குடவோலை முறை பற்றிச் சிறு குறிப்பு வரையாமல் நம்மில் யாரும் பரீட்சை தேறியதில்லை. ஆனால் அவர் அத்துடன் நிறுத்தவில்லை. "ஓலையைப் பத்தித்தான் எல்லாரும் பேசறோம். அதே கல்வெட்டுல கணக்கைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னு பாருங்கோ" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னை உத்தரமேரூருக்குப் பஸ் ஏற வைத்தது.

சென்னையிலிருந்து செங்கற்பட்டு வழியாகப் போனால் உத்தரமேரூர் சுமார் 90 கிலோமீட்டர். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் ஏற்பட்ட சதுர்வேதிமங்கலம் அது. அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலில் ஆகாசத்தை முட்டும் கோபுரம் இல்லை. பிரசாதத்துக்கு வரிசையும் இல்லை. அதன் சுவர்க் கற்களில்தான் முதலாம் பராந்தக சோழன் காலத்துச் சாசனங்கள் இரண்டு இருக்கின்றன. அவனுடைய 12-வது ஆட்சியாண்டில், அதாவது 919-இல், ஒன்று. 14-வது ஆட்சியாண்டான 921-இல் இன்னொன்று. 1898-இல் கல்வெட்டு இலாகாவினர் இவற்றைப் படியெடுத்தார்கள். பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1932-இல் வெளிவந்த தமது ஆராய்ச்சி நூலில் இவற்றை விரிவாக எடுத்து விளக்கினார்.

921-ஆம் வருஷத்துச் சாசனம் சொல்லும் ஏற்பாடு இது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்றைக்கு வார்டு என்கிறோமே, அதுதான் குடும்பு. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் கட்டாகக் கட்டி, இன்ன குடும்பு என்று காட்டும் வாயோலை ஒன்றும் சேர்த்துக் குடத்தில் போடுவார்கள். பிறகு மகாசபை கூடும். குழந்தைகள் முதல் கிழவர்கள் வரை எல்லாரும் வர வேண்டும். அன்று ஊரில் உள்ள கோயில் நம்பிமார் ஒருவர் பாக்கியில்லாமல் மண்டபத்தில் உட்கார வேண்டும். அவர்களில் வயதில் மூத்தவர் எழுந்து, எல்லாருக்கும் தெரியும்படி குடத்தைத் தூக்கிப் பிடிப்பார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அந்தக் கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் போட்டுக் குலுக்குவார்கள். அதிலிருந்து அதே சிறுவன் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தர் கையில் கொடுப்பான்.

மத்தியஸ்தர் அதை எப்படி வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்கும் விதி இருக்கிறது. ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும்! விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இது. வாங்கியதை அவர் உரக்கப் படிப்பார். அப்புறம் அங்கே இருக்கும் நம்பிமார் அத்தனை பேரும் அதைப் படிப்பார்கள். அதற்குப் பிறகுதான் அந்தப் பெயர் செல்லும்.

இந்த விதியை எழுதியவர்களை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவர்கள் மனிதர்களைக் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. நல்லவர்கள் என்று நம்பி ஏமாறவும் இல்லை. மத்தியஸ்தர் யோக்கியர்தான், இருந்தாலும் விரலை விரித்துக் காட்டட்டும் என்றார்கள். விரலை விரித்துக் காட்டச் சொன்னதற்காக அந்த ஊர் மத்தியஸ்தர், "என்னைத் திருடன் என்கிறீர்களா?" என்று கோபித்துக்கொண்டதாகக் கல்வெட்டில் ஏதும் இல்லை.

இப்படி எடுத்த 30 பேரில், முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்கள் என்று பார்த்து 12 பேரைச் சம்வத்சர வாரியத்துக்கு வைத்தார்கள். மிச்சமிருப்பவர்களில் 12 பேர் தோட்ட வாரியம்; 6 பேர் ஏரி வாரியம். பதவிக் காலம் 360 நாள். குற்றம் செய்தவனை அந்த 360 நாள் முடியும் வரை வைத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, கண்டவுடன் நீக்கிவிடலாம். வாரியம் என்ற அந்த வார்த்தை இன்றும் நம்மோடு இருக்கிறது. குடிநீர் வாரியத்துக்கும் மின்சார வாரியத்துக்கும் மனு எழுதும்போதெல்லாம் நாம் உத்தரமேரூர்ப் பாஷையில்தான் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இவ்வளவையும் படித்துவிட்டு, "ஆகா! நம் முன்னோர் கண்ட ஜனநாயகம்!" என்று பூரித்துப் போவதற்கு முன்னால், யார் யார் பெயர் ஓலையில் ஏறியது என்பதையும் பார்த்துவிட வேண்டும். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஒன்றரை ஏக்கருக்கு மேல், இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள். வேதம் கற்றுப் பிறருக்குச் சொல்லும் திறமை வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவனானால் அரைக்கால் வேலி நிலமே போதும். ஆக, இது நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. அந்த நிலத்தை உழுதவன் பெயர் ஓலையில் ஏறவில்லை. பெண்களில் ஒருவர் பெயரும் ஏறவில்லை. சொந்த மனை இல்லாதவன் பெயரும் ஏறவில்லை.

இந்த மூன்றில் முதல் இரண்டையும் நம் காலத்துச் சட்டம் துடைத்துவிட்டது. 2022 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளுக்கும் தேர்தல் நடந்தபோது ஸ்தானங்களில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தலித் சமூகத்தைச் சேர்ந்த பெண்மணியான ஆர். பிரியா மேயரானார். உத்தரமேரூர் மகாசபையார் யாராவது எழுந்து வந்து பார்த்தால் வாயடைத்துப் போயிருப்பார்கள். மூன்றாவது விஷயம் அவ்வளவு சுலபமாகத் தொலையவில்லை. வாடகைக்கு இருப்பவர் சந்தா கட்டலாம், ஓட்டுப் போடலாகாது என்று சொல்லும் தெருச் சங்கங்கள் இன்னும் நம் ஊரில் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய கால் வேலி அங்கே அடுக்குமாடி வேஷம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இனி, சரித்திர ஆசிரியர் என்னைப் பார்க்கச் சொன்ன இடத்துக்கு வருகிறேன். யார் வரலாம் என்று சொன்ன சாசனம், யார் வரக்கூடாது என்பதை அதைவிட நீளமாகச் சொல்கிறது. வாரியம் செய்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவன் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. அவன் மட்டுமா? அவனுடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், தாயுடன் பிறந்தவன், தகப்பனுடன் பிறந்தவன், தன் உடன்பிறந்தவன், மாமனார், மைத்துனன், சகோதரியின் புருஷன், சகோதரியின் மக்கள், மருமகன், தகப்பன், மகன் - இவர்களில் ஒருவர் பெயரும் குடத்துக்குள் போகக் கூடாது!

நம்முடைய குடும்பங்களை நன்றாக அறிந்தவர்கள் செய்த ஜாபிதா இது. அண்ணன் போனால் தம்பி வருவான், தம்பி போனால் மைத்துனன் வருவான், கணக்குப் புஸ்தகம் மட்டும் அதே பீரோவில் இருக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஒருவன் கணக்குக் காட்டாவிட்டால் அவனுடைய அத்திம்பேருக்குப் பதவி போகும் என்று வைத்துவிட்டால் என்ன ஆகும்? சபை கேட்பதற்கு முன்னால் அத்திம்பேரே வீடு தேடி வந்து, "கணக்கைக் கொடுத்துத் தொலையேன்!" என்று கேட்பார். கேட்பதற்கு ஊரார் கூசினாலும் உறவினர் கூச மாட்டார்கள்.

கணக்கு எழுதுகிறவனுக்கும் தனி விதி உண்டு. நேர்மையாகச் சம்பாதிப்பவன்தான் கணக்கு எழுதலாம். தன் காலத்துக் கணக்கைப் பெருமக்களிடம் காட்டி, சுத்தம் என்று பெயர் வாங்காமல் மறுபடியும் கணக்கெழுத வரக் கூடாது. எழுதிய கணக்கை அவனே வந்து காட்ட வேண்டும்; இன்னொரு கணக்கனைக் கூட்டிவந்து முடித்துக் கொடுக்கச் சொல்லக் கூடாது. "ஆடிட்டரிடம் இருக்கிறது" என்ற பதில் அந்த மண்டபத்தில் செல்லுபடியாகாது!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 919-இல் ஒரு விதி. இரண்டே வருஷத்தில் 921-இல் அதையே திருத்தி, விரித்து, இன்னும் கண்டிப்பாக மற்றொரு விதி. முதல் சாசனத்தில் 30 முதல் 60 வரை என்றிருந்த வயதை இரண்டாவது சாசனத்தில் 35 முதல் 70 வரை என்று மாற்றினார்கள். இரண்டு தடவையும் அரசன் ஆணையோடு அதிகாரி ஒருவர் வந்து உடனிருந்தார். தீயவர் அழிந்து மற்றவர் செழிக்க வேண்டும் என்று சாசனமே காரணம் சொல்கிறது. முதல் விதி போதவில்லை என்று கண்டிருக்கிறார்கள். கண்டதும், "நம் ஊர் மானம் போகிறதே" என்று மூடி மறைக்கவில்லை. சபை கூட்டி, விதியைத் திருத்தி, கல்லில் வெட்டினார்கள்.

இதையெல்லாம் யோசித்தபோது எனக்கு ஒன்று விளங்கியது. ஆளைத் தேர்ந்தெடுப்பதை அவர்கள் அதிர்ஷ்டத்துக்கு விட்டார்கள். கணக்கை அதிர்ஷ்டத்துக்கு விடவில்லை. நாம் நேர் எதிராகச் செய்கிறோம். ஆளைத் தேர்ந்தெடுக்க மாதக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். நல்லவராகப் பார்த்துப் போட்டுவிட்டோம், கணக்கு அவர் பாடு என்று தூங்கப் போய்விடுகிறோம்.

உத்தரமேரூர்க்காரர்கள் மட்டும்தான் இப்படி நினைத்தார்கள் என்பதில்லை. அவர்களுக்குப் பல நூற்றாண்டு முன்னால், பழைய ஏதென்ஸ் நகரத்தில், 500 பேர் கொண்ட சபைக்குக் குலுக்கல் முறையில்தான் ஆள் எடுத்தார்கள். ஒரு வருஷம்தான் பதவி. ஆயுளில் இரண்டு தடவைக்கு மேல் கிடையாது. பதவி முடிந்தவன் கணக்கு ஒப்புவித்துத் தீர்த்தாலொழிய நாட்டை விட்டுப் போகக் கூடாது. உத்தரமேரூருக்கு மூன்றரை நூற்றாண்டு பின்னால், 1268-இல், வெனிஸ் நகரத்தார் தங்கள் அதிபதியைத் தேர்ந்தெடுக்க ஒரு முறை வகுத்தார்கள். குலுக்கலும் ஓட்டும் மாறி மாறி வரும் சிக்கலான முறை அது. அதில் குலுக்கல் உருண்டைகளை எடுப்பதற்குத் தெருவிலிருந்து ஒரு சிறுவனைக் கூட்டிவருவார்கள். ஒருவரை ஒருவர் கேள்விப்பட்டே இராத இரண்டு ஊரார், கபடமில்லாத கை வேண்டுமானால் குழந்தையின் கைதான் என்று ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

நம் சென்னைப் பட்டணத்தின் கதைக்கு வருவோம். இங்கே நகர ஆட்சி 1688 செப்டம்பர் 29-ஆம் தேதி ஆரம்பமாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனியார் கோட்டையில் இருந்துகொண்டு நியமித்த மேயரும் ஆல்டர்மன்களும்தான் அன்றைய நகரசபை. ஜனங்கள் ஓட்டுப் போட்டு உறுப்பினர் வருவதற்கு ஏறக்குறைய இருநூறு வருஷம் பிடித்தது. சுமார் 40 வருஷம் நகரசபையில் உட்கார்ந்து, அரசாங்க அதிகாரி அல்லாத முதல் தலைவராகவும் வந்தவர் பி. தியாகராய செட்டியார். தியாகராய நகர் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. பனகல் பூங்காவில் வேர்க்கடலை தின்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு நகரசபைக்காரரின் பெயர் என்பது நினைவிருக்குமோ!

இவ்வளவு பாடுபட்டு வந்த நகரசபையை 1973-இல் கலைத்தார்கள். அடுத்த தேர்தல் எப்போது நடந்தது தெரியுமா? 1996-இல்! அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம் 1993-இல் அமலுக்கு வந்து, நகரசபைகளுக்கு ஒழுங்காகத் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்திய பிறகுதான் அது நடந்தது. 1973-இல் பிறந்த குழந்தை கல்லூரி முடித்துக் கல்யாணமும் செய்துகொண்டிருக்கும். அதுவரை அதன் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இல்லை. அப்புறமும் 2016 முதல் 2022 வரை ஐந்து வருஷத்துக்கு மேல் மறுபடி கவுன்சிலர் இல்லாத காலம் வந்தது.

சாக்கடை அடைத்துக்கொண்டால் யாரிடம் போவது? தெருவிளக்கு எரியாவிட்டால் யாரைக் கேட்பது? மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் தெருவுக்குத் தெரு சங்கம் முளைத்ததற்கு இந்த வெற்றிடமும் ஒரு காரணம். 1989-இல் எம். பி. நிர்மல் எக்ஸ்னோரா இயக்கத்தைத் தொடங்கி, தெருவாசிகளே கூடித் தெருக் குப்பையை அகற்றலாம் என்று சொன்னபோது நகரத்தில் கவுன்சிலர்கள் இல்லை. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம். 1975-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. கமிட்டிக்கு மூன்று பேருக்குக் குறையக் கூடாது. பதவிக் காலம் மூன்று வருஷத்துக்கு மிகக் கூடாது. வருஷா வருஷம் பொதுக்கூட்டம் கூட்டிக் கணக்கு வைக்க வேண்டும் என்பவையெல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் பதவி முடிந்தவர் மறுபடி நிற்கலாம். அதற்கும் மறுபடி நிற்கலாம். வாரியம் செய்தவன் மூன்று வருஷம் ஒதுங்கி இருக்க வேண்டும் என்ற உத்தரமேரூர் விதி மட்டும் இதில் இல்லை. பல சங்கங்களில் ஒரே காரியதரிசி பதினைந்து வருஷம் இருப்பதும், அவர் தள்ளாமையால் விலகும்போது தெருவே திண்டாடுவதும் அதனால்தான்.

இந்தக் கல்வெட்டு ஞானத்தோடு நான் தேர்தலைச் சந்தித்தேன். கமிட்டிக்கு ஒன்பது ஸ்தானம். போட்டியிட்டவர் பத்துப் பேர். அதாவது, ஒருவரே ஒருவர்தான் தோற்க வேண்டும். இதைவிட சங்கடமான தேர்தலை பிரமன்கூடப் படைக்க முடியாது. ஒரு வீட்டு மாடியில் சாமியானா கட்டி, நாற்காலி போட்டு, சுண்டலும் காப்பியும் கொடுத்து, சீட்டுப் போட்டு எண்ணினார்கள். எட்டுப் பேர் தெளிவாக வந்துவிட்டார்கள். ஒன்பதாவது இடத்தில் எனக்கும், மூன்றாம் வீட்டு ஓய்வு பெற்ற என்ஜினீயர் ஒருவருக்கும் சம ஓட்டு!

மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் சமம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. இன்னொரு தடவை ஓட்டெடுக்கலாம் என்றார் ஒருவர். கை தூக்கச் சொல்லலாம் என்றார் இன்னொருவர். கை தூக்குவது என்றதும் பாதிப் பேருக்கு முகம் வெளிறிவிட்டது. எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு யார்தான் கையைத் தூக்குவார்கள்? அப்போது சரித்திர ஆசிரியர் எழுந்து, "ஓட்டு சமமா வந்தா பார்லிமெண்டுக்கே குலுக்கல்தான் சார், சட்டம்" என்றார். அவர் சொன்னது உண்மைதான். நம் தேர்தல் சட்டத்திலும், சம ஓட்டு வந்தால் திருவுளச் சீட்டுத்தான் முடிவு. ஆயிரம் வருஷத்துக் குடவோலை அந்த ஓர் இடத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

எதிர் வீட்டு மாமி உள்ளே போய் எவர்சில்வர் குடம் ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு சீட்டு எழுதிப் போட்டார்கள். காவல்காரரின் ஐந்து வயதுப் பெண் குழந்தை, கையில் சுண்டல் பொட்டலத்தோடு வந்தாள். பொட்டலத்தைக் கீழே வைக்கச் சொன்னோம், மனசில்லாமல் வைத்தாள். குடத்துக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு உடனே பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள்.

என்ஜினீயர் பெயர் வந்தது.

எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மனசில் வருத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஓர் ஓட்டில் தோற்றிருந்தால், அந்த ஓர் ஓட்டு எந்த வீட்டு ஓட்டு என்று ஒரு வருஷம் தேடிக்கொண்டிருந்திருப்பேன். குழந்தையின் கை என்னை வேண்டாமென்று தள்ளவில்லை. இன்னொரு சீட்டின் மேல் பட்டது, அவ்வளவுதான். மறுநாள் பால் வாங்கப் போனபோது யார் சிரிப்பையும் நான் நிறுத்துப் பார்க்கவில்லை. ஓலையும் குடமும் வைத்தவர்கள் ஊழலுக்கு மட்டும் பயப்படவில்லை என்று அப்போதுதான் தோன்றியது. தினமும் முகத்தில் முகம் விழிக்கும் ஜனங்கள் ஒருவரை ஒருவர் தரம் பிரித்துத் தள்ளினால் அப்புறம் ஒரே குளத்தில் குளிப்பது எப்படி என்றும் அவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

கலைவதற்கு முன் ஒரு பிரேரணை கொடுத்தேன். மாதத்துக்கு ஒரு தடவை வரவு செலவுக் கணக்கைச் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். கேட்டுத்தான் காட்டுவது என்று இருக்கக் கூடாது. அதை ஆமோதித்தவர் யார் தெரியுமா? பழைய பொருளாளர்தான். "யாரும் கேக்க வேண்டாம்னா எனக்கும் நிம்மதி சார்" என்றார். காமிராக் கணக்கும் அந்த மாதமே பலகைக்கு வந்தது. பார்த்தால், மீதி இருக்கவில்லை. அவர்தான் கைக்காசு போட்டிருந்தார்! அதைச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டு, "திருடன் என்கிறீர்களா" என்று கோபித்துக்கொண்டிருக்கிறார். கணக்கை வெளியில் வைப்பது கெட்டவனைப் பிடிப்பதற்கு மட்டுமல்ல. நல்லவனைச் சந்தேகத்திலிருந்து காப்பாற்றுவதற்கும்தான்.

ஒரு தெருவுக்கே இவ்வளவு என்றால் ஊருக்கு எவ்வளவு வேண்டும்! உத்தரமேரூரில் ஏரி வாரியம் காவல் காத்த ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். ஏரி தூர்ந்தால் வயல் இல்லை. வயல் இல்லாவிட்டால் ஊர் இல்லை. ஆகவே ஏரிக்கென்று ஆறு பேரைக் குடத்திலிருந்து எடுத்து, 360 நாளும் அவர்களைப் பதில் சொல்ல வைத்தார்கள். நம் பட்டணத்திலும் மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஒரு நீண்ட ஏரி கிடந்தது. தியாகராய நகரும் அதைச் சுற்றிய பேட்டைகளும் விரிந்தது அந்த ஏரியைத் தூர்த்துத்தான். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. ஏரியும் இல்லை, கரையும் இல்லை. பெயர்ப்பலகைகள் மட்டும் காவல் இருக்கின்றன. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் மழை கொட்டியபோது, தண்ணீர் தன் பழைய விலாசத்தை விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தது. மழைநீர் வடிகாலுக்குச் செலவான பணத்துக்குக் கணக்கு எங்கே என்று ஜனங்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு வெள்ளம் வர வேண்டியிருந்தது.

உத்தரமேரூரில் அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. விதியை எழுதி ராஜாவின் பொக்கிஷத்தில் பூட்டி வைக்கவில்லை. ஊரார் வந்து போகும் இடத்துக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள். வாரியத்துக்கு வந்தவன் எவனும் தன் தலைக்கு நேரே இருந்த அந்த எழுத்தைப் பார்க்காமல் தப்ப முடியாது. கணக்குக் காட்டாவிட்டால் தன் மகன் பெயரும் மருமகன் பெயரும் குடத்துக்குள் போகாது என்பது அவன் முதுகுக்குப் பின்னால் கல்லாகவே நின்றது. சோழ ராஜ்யம் போய்விட்டது. வாரியப் பெருமக்கள் போய்விட்டார்கள். அந்தக் குடமும் ஓலையும் என்றோ மண்ணாகிவிட்டன. கணக்கைக் காட்டு என்று சொன்ன கல் மட்டும் இன்னும் அங்கே இருக்கிறது. செங்கற்பட்டு பஸ் ஏறினால் பார்த்துவிட்டு வரலாம்.